கிலோ எதை அளக்கிறது? விண்வெளி வீரர் ஏன் மிதக்கிறார்?

நான்காம் படிவம் படிக்கும் தம்பி ஒருவர் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் இவைதான். ஒன்று: பாசாரில் மீன் வாங்கினாலும் கடையில் அரிசி வாங்கினாலும் எடையைக் கிலோவில்தான் சொல்கிறார்கள்; பள்ளியில் மட்டும் கிலோ என்பது பொருண்மை, எடைக்கு நியூட்டன் என்கிறார்கள்; ஏன்? இரண்டு: விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாததால் வீரர்கள் மிதக்கிறார்கள் என்றால், அதைவிட ஆயிரம் மடங்கு தூரத்தில் இருக்கும் நிலாவைப் பூமி எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது? மூன்று: எல்லாரும் மிதக்கிற இடத்தில் ஒருவர் இளைத்தாரா பெருத்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

தம்பி, மூன்றுமே நல்ல கேள்விகள். மூன்றாவதை நான் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முப்பது வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்த எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. மற்ற இரண்டும் சரியாகப் புரிந்தால்தான் அதன் அழகு தெரியும்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். தமிழ்ப்பள்ளியில் நீ படித்த சொல் பொருண்மை. மலாயில் அதை ஜிசிம் என்கிறாய். இணையத்தில் தமிழ்நாட்டுப் பாடத்தைத் தேடினால் அதையே நிறை என்று போட்டிருப்பார்கள். இலங்கைப் பாடநூலில் அதற்குத் திணிவு என்று பெயர். அங்கே நிறை என்றால் எடை! ஆக, நிறை என்ற ஒரே சொல் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று. தமிழில் படித்துவிட்டுக் குழம்பியவர்களில் பாதிப் பேர் இயற்பியலில் குழம்பவில்லை, இந்தச் சொல்லில்தான் குழம்பியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. நான் இங்கே நம் பள்ளி வழக்கப்படி பொருண்மை, எடை என்றே எழுதுகிறேன்.

இப்போது ஒரு காட்சி. எங்கள் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். காலையில் வெட்டி, பால் எடுத்து, காண்டாவில், அதாவது தோளில் போடும் கம்பில், முன்னே ஒரு வாளி பின்னே ஒரு வாளி தொங்க ஸ்டோருக்கு வருவார். சின்ன வயதில் பள்ளி விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஸ்டோர் வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசைக்கு நாலைந்து அடி முன்னாலேயே அம்மா நடையைக் குறைத்துவிடுவார். சட்டென்று நிற்கவே மாட்டார். நின்றால் வாளி முன்னே போய்ப் பால் தளும்பி மண்ணில் கொட்டும். திரும்பும்போதும் அப்படித்தான், முதலில் தோளை மெல்லத் திருப்பி, வாளி திரும்பி வரும்வரை பொறுத்து, அப்புறம்தான் அடியெடுத்து வைப்பார்.

அங்கே இரண்டு வேறு விஷயங்கள் நடந்தன. சும்மா நிற்கும்போது காண்டா தோளை அழுத்தியதே, அதற்குக் காரணம் எடை. பூமி அந்தப் பாலைக் கீழே இழுக்கும் விசை அது. நடந்து வந்தவர் நிற்கப் பார்த்தபோது வாளி நிற்க மாட்டேன் என்று முன்னே போனதே, அது பொருண்மையின் வேலை. பூமி கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. முன்னே யாரும் இழுக்கவில்லை. ஓடுகிறதை நிறுத்தவோ, நிற்கிறதை ஓட்டவோ, போகும் திசையைத் திருப்பவோ முயன்றால் ஒரு பொருள் காட்டும் பிடிவாதம்தான் பொருண்மை. பாடநூல் அதை நிலைமம் என்கிறது. "பொருண்மை என்றால் ஒரு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு" என்று மனப்பாடம் செய்வதைவிட இப்படிப் பிடித்துக்கொள்வது நல்லது. பருப்பொருளின் அளவு என்று சொன்னால் அதை எப்படி அளப்பாய்? பிடிவாதத்தை அளக்கலாம். தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்த வாளியை அப்படியே நிலாவுக்குக் கொண்டுபோனால் தோளில் அழுத்தம் ஆறில் ஒரு பங்காகக் குறையும், ஏனென்றால் நிலாவின் தரையில் ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 1.62 மீட்டர்தான், இங்கே 9.78. ஆனால் நடந்து வந்து சட்டென்று நின்றால் வாளி இங்கே எவ்வளவு முரண்டு பிடிக்குமோ அங்கேயும் அவ்வளவே பிடிக்கும். உன் பொருண்மை 60 கிலோ என்றால் சுங்கை சிப்புட்டில் உன் எடை ஏறக்குறைய 587 நியூட்டன், நிலாவில் 97 நியூட்டன். அறுபது கிலோ மட்டும் எங்கே போனாலும் அறுபதுதான்.

சரி, பாசாருக்கு வருவோம். எடைக்கருவி எதை அளக்கிறது என்று கேட்டால் விடை கருவிக்குக் கருவி மாறும். சீனர் கடைகளில் அந்தக் காலத்தில் டாச்சிங் என்று ஒன்று தொங்கும். ஒரு நீளமான கோல், ஒரு முனையில் கொக்கி அல்லது தட்டு, மறுபக்கம் கயிற்றில் ஆடும் குண்டு. குண்டை நகர்த்தி நகர்த்திக் கோல் கிடையாக நின்றதும் கோட்டைப் பார்த்துச் சொல்வார்கள். இரண்டு தட்டுத் தராசும் இதே இனம்தான். இவை ஒரு பொருளை இன்னொரு பொருளோடு ஒப்பிடுகின்றன. நிலாவுக்குக் கொண்டுபோனால் மீனின் எடையும் குறையும், குண்டின் எடையும் அதே விகிதத்தில் குறையும். கோல் அதே இடத்தில்தான் நிற்கும். ஆக, டாச்சிங் காட்டுவது பொருண்மை. மீன்காரர் அதில் தூக்கிக் கிலோ சொன்னால், சொன்னது சரி.

வட்ட முகப்பும் முள்ளும் கொண்ட தொங்கு தராசு வேறு இனம். அதற்குள் இருப்பது சுருள்வில். மீன் கீழே இழுக்கிறது, வில் நீள்கிறது, முள் சுற்றுகிறது. அது அளப்பது விசையை, அதாவது எடையை. ஆனால் முகப்பில் நியூட்டன் என்று அச்சிட்டால் யார் வாங்குவார்கள்? அதனால் எவ்வளவு விசைக்கு எவ்வளவு கிலோ என்று கணக்குப் பண்ணிக் கிலோவாகவே அச்சிட்டிருக்கிறார்கள். இப்போது எல்லாக் கடையிலும் இருக்கும் எலக்ட்ரானிக் தராசும் இப்படித்தான்; உள்ளே வில்லுக்குப் பதிலாக ஒரு உலோகத் துண்டு மிக மிகச் சிறிதாக வளைகிறது, அந்த வளைவை மின்சாரம் அளக்கிறது. அரிசிப் பையில் "பெராட் பெர்சே 10 கிலோகிராம்" (நிகர எடை) என்று போட்டிருப்பது இயற்பியல் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றலாம், ஆனால் ஊர் வழக்கில் எடை என்ற சொல்லுக்கே பொருண்மை என்ற பொருள்தான். வாங்குகிறவருக்கு வேண்டியது அரிசி. பூமி அதை எவ்வளவு இழுக்கிறது என்பது அவருக்கு வேண்டாம். உன் பரீட்சையில் மட்டும் வேறுபடுத்தி எழுது.

அந்தக் கணக்குப் பண்ணியது என்றேனே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈர்ப்பு எல்லா ஊரிலும் ஒன்றில்லை. துருவங்களில் 9.83, பூமத்தியரேகையில் 9.78. நாம் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் உலகிலேயே எடை குறைவான மக்களில் நாமும் ஒருவர். இதை முதன்முதலில் கண்டுபிடித்தது தராசு இல்லை, ஒரு கடிகாரம். 1672-ல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் செவ்வாய்க் கோளை அளக்கத் தென் அமெரிக்காவின் கயென் நகருக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே தினமும் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் சரிசெய்ய முடிந்தது. பின்னால் நியூட்டன் இதை வைத்துத்தான் பூமி நடுவில் பருத்தது என்று வாதாடினார். வரைபடத்தை எடுத்துப் பார் தம்பி: கயென் இருப்பது வடக்கே ஏறக்குறைய 5 டிகிரியில். சுங்கை சிப்புட்டும் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான். ரிஷே அந்தக் கடிகாரத்தை நம் ஊருக்குக் கொண்டு வந்திருந்தாலும் அதே இரண்டரை நிமிடம்தான் போயிருக்கும்.

இது வெறும் கதை இல்லை. செம்பனை ஆலைக்குள் போகும் லாரி முதலில் எடை மேடையில் ஏறும், குலைகளை இறக்கிவிட்டு வெளியே வரும்போது மறுபடி ஏறும். அந்த மேடையின் கீழே இருப்பது விசையை அளக்கும் உணரிகள். ஐரோப்பாவில் சரிபார்த்த ஒரு மேடையை அப்படியே இங்கே கொண்டு வந்து வைத்தால் பத்து டன்னுக்கு 30 கிலோ குறைத்துக் காட்டும். அதனால்தான் வைத்த இடத்திலேயே, பொருண்மை தெரிந்த இரும்புக் கட்டிகளை ஏற்றி, மேடையைச் சரிபார்க்கிறார்கள். அந்தக் கட்டிகள் ஈர்ப்பின் பிழையைச் சேர்த்தே விழுங்கிவிடுகின்றன. டாச்சிங்குக்கு இந்தச் சரிபார்ப்பு வேண்டியதே இல்லை. குண்டு எப்போதும் கூடவே தொங்குகிறதே.

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் "கனமாக இருக்கிறேன்" என்று உணர்வது பூமி நம்மை இழுப்பதை இல்லை. பூமி நம் ஒவ்வொரு அணுவையும் ஒரே மாதிரி இழுக்கிறது. அப்படி இழுத்தால் உடம்புக்கு ஒன்றுமே தெரியாது. நமக்குத் தெரிவது தரை நம் பாதத்தை மேலே தள்ளுவது, நாற்காலி இடுப்பைத் தாங்குவது, பாதத்தின் மேல் கணுக்கால், அதன் மேல் முழங்கால் என்று உடம்பு தன்னைத்தானே அடுக்கித் தாங்கிக்கொள்வது. குளியலறைத் தராசு காட்டுவதும் இந்தத் தாங்கலைத்தான். இயற்பியலில் இதைத் தோற்ற எடை என்பார்கள். சும்மா நிற்கும்போது தோற்ற எடையும் உண்மையான எடையும் சமம். அதனால்தான் இரண்டையும் ஒன்று என்றே நினைத்துப் பழகிவிட்டோம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு லிஃப்ட் போதும். என் மகள் கிள்ளானில் பதினெட்டாவது மாடியில் இருக்கிறாள். ஒரு தடவை அவள் வீட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி, அதன் மேல் நின்று பார்த்தேன். கதவு மூடும்போது 68. லிஃப்ட் மேலே கிளம்பிய அந்த ஒன்றிரண்டு நொடி 72. அப்புறம் வேகம் பிடித்து ஒரே சீராக ஓடியபோது மறுபடி 68. பதினெட்டை நெருங்கி வேகம் குறைந்தபோது 64. கதவு திறந்ததும் 68. நடுவில் ஒரே சீராக ஓடியபோது எவ்வளவு வேகமாகப் போனாலும் எண் அசையவில்லை என்பதைக் கவனி. வேகத்துக்கும் தோற்ற எடைக்கும் சம்பந்தம் இல்லை. வேகம் மாறும்போதுதான் எண் மாறுகிறது. என் பொருண்மை கூடவில்லை, பூமியின் இழுப்பும் கூடவில்லை. என்னை மேல்நோக்கி முடுக்க வேண்டியிருந்ததால் தரை கொஞ்சம் அதிகமாகத் தள்ளியது, அவ்வளவுதான்.

அப்படியே கற்பனையில் ஒரு படி மேலே போ. லிஃப்டின் கயிறு அறுந்து, பிரேக்கும் இல்லாமல், தடையே இல்லாமல் விழுகிறது. நானும் விழுகிறேன், தராசும் விழுகிறது, ஒரே முடுக்கத்தில். என் பாதம் தராசை அழுத்த வழியே இல்லை. எண் பூஜ்யம். பூமி என்னை முழு 68 கிலோவுக்கும் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்த இழுப்பால்தானே விழுகிறேன்! தாங்கல்தான் போய்விட்டது. இதுதான் தோற்ற எடையின்மை.

இதை ஆபத்தில்லாமல் உன் வீட்டு மாடிப்படியிலேயே செய்யலாம். ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தலில் அடிப்பக்கம் ஆணியால் ஒரு ஓட்டை போடு. விரலால் ஓட்டையை மூடிக்கொண்டு தண்ணீர் நிரப்பு. மூடியைக் கழற்றி வை. விரலை எடுத்தால் தண்ணீர் வளைந்து பீய்ச்சும். மேலே இருக்கும் தண்ணீரின் எடை கீழே இருக்கும் தண்ணீரை அழுத்துவதால்தான் அது வெளியே வருகிறது. இப்போது போத்தலைக் கையிலிருந்து விட்டுவிடு. கீழே உன் தம்பியோ தங்கையோ கைப்பேசியில் மெதுவோட்டத்தில் படம் பிடிக்கட்டும். விட்ட கணத்தில் பீய்ச்சுவது நின்றுவிடும். தரையில் விழும்வரை ஓட்டை திறந்தே இருக்கும், ஆனால் ஒரு புதுச் சொட்டும் வெளியே வராது. மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் ஒன்றாக விழுகின்றன, ஒன்றை ஒன்று அழுத்தவில்லை. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் விழ முக்கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். அந்த முக்கால் நொடி, போத்தலுக்குள் இருக்கும் தண்ணீர் விண்வெளி நிலையத்தில் இருக்கும் தண்ணீர் மாதிரிதான். வார்த்தையில் சத்தியம், நீயே செய்து பார்.

முக்கால் நொடியை எப்படி மாதக்கணக்காக நீட்டுவது? நியூட்டன் இதற்கு ஒரு மலையும் பீரங்கியும் கற்பனை செய்தார். நமக்குக் கொர்பு மலை பக்கத்திலேயே இருக்கிறது, உயரம் 2,183 மீட்டர். காற்றே இல்லை என்று வைத்துக்கொள். உச்சியிலிருந்து கிடையாக ஒரு குண்டைச் சுட்டால் வளைந்து விழும். இன்னும் வேகமாகச் சுட்டால் இன்னும் தள்ளி விழும். எந்தப் பொருளும் முதல் நொடியில் ஏறக்குறைய 5 மீட்டர் விழுகிறது. பூமி உருண்டை என்பதால், 8 கிலோமீட்டர் நேராகப் போனால் தரையும் நமக்குக் கீழே 5 மீட்டர் இறங்கியிருக்கும். ஆக, நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் சுட்டால் குண்டு எவ்வளவு விழுகிறதோ அவ்வளவே தரையும் விலகிக்கொண்டே போகும். குண்டு விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் தரையைத் தொடாது. சுற்றி வந்து முதுகுப் பக்கமாக மறுபடி கொர்புக்கே வரும். சுற்றுப்பாதை என்பது இதுதான்.

விண்வெளி நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். ஆரத்தோடு பார்த்தால் நானூறு என்ன பெரிய தூரம்? ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று நீ படித்திருப்பாய். 6,371-ஐ 6,771-ஆல் வகுத்து வர்க்கம் எடு. 0.885 வரும். அதாவது அங்கே ஈர்ப்பு இங்கே இருப்பதில் 88 விழுக்காட்டுக்கு மேல் அப்படியே இருக்கிறது. நானூறு கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் ஒருவரை நிறுத்தினால் அவர் மிதக்க மாட்டார். கொஞ்சம் லேசாக உணர்ந்தபடி ஒழுங்காக நிற்பார். நிலையத்தில் இருப்பவர் மிதப்பது, அவரும் நிலையமும் நொடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றாக விழுந்துகொண்டிருப்பதால். அந்த வேகத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு நான்கு நொடிக்குள் போய்விடலாம்.

நிலாவும் இப்படி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அது பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தூரத்தில் இருப்பதால் அங்கே பூமியின் ஈர்ப்பு 3,600-ல் ஒரு பங்கு. ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் பூமிப் பக்கம் விழுகிறது. தென்னங்காயை இழுக்கும் ஈர்ப்பும் நிலாவை இழுக்கும் ஈர்ப்பும் ஒன்றே என்று நியூட்டன் நம்பியதற்கு இந்தக் கணக்குப் பொருந்தி வந்ததுதான் பெரிய ஆதாரம்.

உயரத்தால் மிதப்பு வருவதில்லை என்பதற்கு நம் நாட்டுச் சாட்சியே இருக்கிறது. 2007 அக்டோபர் 10, இரவு 9.22. நம் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் ஷுக்கோர் ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டில் கஸக்ஸ்தானின் பைக்கோனூரிலிருந்து கிளம்பினார். நாங்கள் ஒரு ஒட்டுக்கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் தேநீர் ஆறுவதையும் மறந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சோயுஸ் ஏறும்போது உள்ளே இருப்பவரின் தோற்ற எடை ஒரு கட்டத்தில் சாதாரண எடையின் 3 மடங்குக்கு மேல் போகும். ஒன்பது நிமிடத்துக்குச் சற்று முன்பு கடைசி இயந்திரம் அணையும். அணைந்த அதே கணத்தில் மிதப்பு தொடங்கும். ஒரு நொடிக்கு முன் முதுகு இருக்கையில் அழுந்திக் கிடந்தது, அடுத்த நொடி வார்ப்பட்டைக்குள் உடம்பு தானாக எழும்புகிறது. அந்த ஒரு நொடியில் உயரம் மாறவில்லை, ஈர்ப்பும் மாறவில்லை. தள்ளிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது, தாங்கல் போனது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "மேல ஈர்ப்பு இல்லியாமே சார்" என்று கேட்டார். அன்றைக்கு அந்த இரைச்சலில் அவருக்குச் சரியாக விளக்க முடியவில்லை. இந்தப் பதிலை எழுதும்போது அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 21-ல் அவர் திரும்பி வந்த கலம் வழக்கத்தைவிடச் செங்குத்தான பாதையில், பாலிஸ்டிக் இறக்கம் என்பார்களே, அப்படி இறங்கியது. சாதாரண இறக்கத்தில் 4, 5 மடங்கு தோற்ற எடை வரும். பாலிஸ்டிக் இறக்கத்தில் அது 8 மடங்குக்கு மேலும் போகும். ஒரே மனிதர், ஒரே பொருண்மை. 11 நாளுக்குள் 3 மடங்கு, பூஜ்யம், அப்புறம் வழக்கத்தைவிடப் பல மடங்கு. எடையும் பொருண்மையும் ஒன்று என்றால் இதை எப்படி விளங்கிக்கொள்வது?

ஒரு சந்தேகம் உனக்கு வரும், பல மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள்: ஆற்றில் மல்லாந்து மிதக்கிறோமே, அதுவும் எடையின்மைதானா? இல்லை. ஆற்றில் தண்ணீர் உன்னைத் தாங்குகிறது, தோல் முழுக்கப் பரவித் தாங்குவதால் சுகமாக இருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீருக்குள் தலைகீழாக நின்றாலும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு எது மேல், எது கீழ் என்று தெரியும். சுற்றுப்பாதையில் அது தெரியாது. ஹூஸ்டனில் 12 மீட்டர் ஆழக் குளத்தில் விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்பது உண்மை. பெரிய பொருளை நகர்த்திப் பழக அது நல்ல இடம். மிதப்பைப் பழக வேண்டும் என்றால் விமானத்தில் ஏறி மேலும் கீழுமாக வளைந்து பறக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் இருபது, இருபத்தைந்து நொடி உண்மையான விழுகை கிடைக்கும்.

பூமத்தியரேகையில் ஈர்ப்பு குறைவு என்றேன். அதற்கு இரண்டு காரணம். பூமி நடுவில் பருத்திருப்பதால் நாம் மையத்திலிருந்து துருவத்தைவிட 21 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம், இது ஒன்று. இன்னொன்று, பூமி சுற்றுவதால் நாம் மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமடிக்கிறோம். அந்த வட்டத்தில் நம்மை வைத்திருக்கவே ஈர்ப்பில் ஆயிரத்தில் மூன்றரைப் பங்கு செலவாகிவிடுகிறது. மிச்சத்தைத்தான் தராசு காட்டுகிறது. பூமி இப்போது சுற்றுவதைவிட 17 மடங்கு வேகமாக, 84 நிமிடத்துக்கு ஒரு தடவை சுற்றினால், பூமத்தியரேகையில் நிற்பவரின் தோற்ற எடை பூஜ்யமாகிவிடும். கொர்பு உச்சியிலிருந்து நாம் சுட்ட குண்டு ஒரு சுற்று வர எடுப்பதும் கிட்டத்தட்ட அதே 84 நிமிடம்தான். விண்வெளி நிலையத்துக்கு 93 நிமிடம். அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் ஒரே கணக்கு. நாம் இன்னும் அந்த வேகத்துக்குப் போகவில்லை, அதனால் தரை தாங்குகிறது.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. எடையைத் தரும் பொருண்மையும், பிடிவாதம் பிடிக்கும் பொருண்மையும் ஏன் ஒன்றாகவே இருக்க வேண்டும்? இரண்டும் வேறு வேலை. இரண்டும் சமமாக இருப்பதால்தான் கனமானதும் லேசானதும் ஒன்றாக விழுகின்றன. 1971-ல் அப்பல்லோ 15-ன் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறு இறகும் பிடித்து ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. 2016-ல் பிரான்ஸ் அனுப்பிய மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோள், பத்துக் கோடிக்கோடியில் ஒரு பங்கு என்ற அளவு நுட்பமாகத் தேடியும் வேறுபாட்டைக் காணவில்லை. 1907-ல், பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஐன்ஸ்டீனுக்கு, கூரையிலிருந்து விழும் மனிதனுக்குத் தன் எடை தெரியாது என்ற எண்ணம் வந்தது. அதையே தன் வாழ்க்கையின் மிக மகிழ்ச்சியான எண்ணம் என்று அவர் பின்னால் குறிப்பிட்டார். அந்த எண்ணத்திலிருந்துதான் அவருடைய ஈர்ப்புக் கொள்கை வளர்ந்தது. உன் போத்தல் விழும்போது தண்ணீர் நின்றதே, அதே எண்ணம்தான்.

இனி மூன்றாவது கேள்வி. அங்கே தராசில் ஏற முடியாது, ஏறினால் கால் ஒட்டாது. டாச்சிங்கும் உதவாது, குண்டும் மிதக்கும். ஆனால் இளைத்தாரா என்று தெரிந்தாக வேண்டும். மாதக்கணக்கில் மிதந்தால் எலும்பு தேய்கிறது, தசை கரைகிறது. இடுப்பு எலும்பு மட்டும் மாதம் ஒரு விழுக்காட்டுக்கு மேல் இழக்கிறது.

எடை இல்லாவிட்டால் என்ன, பிடிவாதம் இருக்கிறதே! 1973-ல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் ஒரு நாற்காலி வைத்தார்கள். அது சுருள்வில்லில் பொருத்தப்பட்டது. வீரர் அதில் உடம்பைச் சுருட்டி இறுக்கமாக உட்கார்ந்துகொள்வார். நாற்காலியை இழுத்து விட்டால் முன்னும் பின்னுமாக ஆடும். ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று கடிகாரம் அளக்கும். பொருண்மை கூடினால் ஆட்டம் மெதுவாகும். பொருண்மை நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகும். இன்றைய நிலையத்திலும் இதே வழியில் ஒரு ரஷ்யக் கருவியும், வில்லால் ஒருவரைச் சீராக இழுத்து அவர் எவ்வளவு முடுக்கம் பெறுகிறார் என்று பார்க்கும் ஓர் அமெரிக்கக் கருவியும் பயன்பட்டிருக்கின்றன. விசையை முடுக்கத்தால் வகுத்தால் பொருண்மை. நீ படித்த நியூட்டனின் இரண்டாம் விதி அப்படியே.

ஊஞ்சல் ஏன் ஆகாது என்று யோசித்துப் பார். ஊஞ்சலில் குண்டானவர் ஆடினாலும் ஒல்லியானவர் ஆடினாலும் நேரம் ஒன்றுதான், ஏனென்றால் அங்கே இழுப்பது ஈர்ப்பு, அது பொருண்மைக்குத் தகுந்தாற்போல் தானும் கூடிவிடுகிறது. அது மட்டுமில்லை, சுற்றுப்பாதையில் ஊஞ்சல் ஆடவே ஆடாது. இழுத்து விட்ட இடத்திலேயே நிற்கும். வில்லுக்கு ஈர்ப்பே வேண்டாம்.

நான்காம் படிவ ஆய்வுக்கூடத்தில் இரண்டு ரம்பத் தகடுகளை மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கி, முனையில் எடைக்கட்டியை வைத்துப் பக்கவாட்டில் ஆட்டி, இருபது ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று எண்ணியிருப்பாய். நிலைமத் தராசு என்று அதற்குப் பெயர். அது மேலும் கீழும் ஆடாமல் பக்கவாட்டில் ஆடுவதே ஈர்ப்பை ஒதுக்கி வைக்கத்தான். ஸ்கைலாப் நாற்காலியும் அந்த ரம்பத் தகடும் ஒன்றுதான் தம்பி. கட்டிக்குப் பதிலாக ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார்.